பசித்த பூசணம்

கோதுமைத் தவிட்டில் பூசணம் வளர்த்து, அது கசியவிடும் என்சைமை வடித்து விற்பது எங்கள் தொழில். முக்கியச் சரக்கு, செல்லுலோஸை அரிக்கும் செல்லுலேஸ். திருப்பூர் பட்டறைகளில் பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறை எடுக்கப் பயோ வாஷ் செய்கிறார்களே, அதற்குப் போகிறது. நுண்ணுயிரியல் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே ஃபெர்மென்டர் எங்கே என்று கேட்பார்கள். எங்களிடம் இருப்பது தட்டு அறை. அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டில் தவிடு, தவிட்டில் பூசணம். ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டிகளில் காய்ச்சும் பெரிய கம்பெனிகளோடு விலையில் நாங்கள் மோத முடியாது, மோதவும் இல்லை. சிறிய அளவில், கேட்கிறவருக்கு ஏற்றமாதிரி செய்து கொடுப்பதற்குத் தட்டு போதும். தாக்காமினே என்ற ஜப்பானியர் 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய என்சைமும் தவிட்டில் வளர்ந்த பூசணத்திலிருந்து வந்ததுதான்.

பூசணத்துக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. தான் உட்கார்ந்திருக்கும் பொருளின் மேலேயே என்சைமைக் கசியவிட்டு, வெளியிலேயே செரிக்க வைத்து, கரைந்து வரும் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. நாங்கள் எடுப்பது அந்தக் கசிவை. தின்ன எளிதாக ஏதாவது கிடைத்துவிட்டால் அது கசியவிடாது. பட்டினி அதிகமானால் தன் சரக்கைத் தானே தின்ன ஆரம்பித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்தி வைப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஐயா சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் இருந்து வந்தவர். மாவும் ஈரமும் புளிப்பும் அவருக்கு மூக்கிலேயே இருந்தன. லாரி வந்து நின்றதும் மூட்டையில் கொக்கி போட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி தவிடு எடுப்பார். முகர்ந்து பார்ப்பார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் முகம் சுளிக்கும். அரைவையில் மாவு சரியாகப் பிரியாத தவிடு அது. ஆவியில் வெந்ததும் களியாகிக் கட்டி தட்டும். உள்ளே காற்று போகாது. போதாததற்கு அந்த மாவுச்சத்து பூசணத்துக்குச் சுலபத் தீனி. செல்லுலேஸ் செய்ய வேண்டிய அவசியமே அதற்கு வராது. நமக்கு வேண்டியது பெருந்தவிடு, செதில் செதிலாக இருப்பது. சிக்கு வாடை அடித்தால் பழைய சரக்கு. சொரசொரவென்று உள்ளங்கையைக் குத்தினால் உமி கலந்திருக்கிறது என்று அர்த்தம். உமியில் பூசணத்துக்கு ஒன்றும் தேறாது. கொஞ்சம் உமி இருந்தால் தவிடு பொலபொலவென்று இருக்கும் என்று நாங்களே வேண்டுமென்று சேர்ப்பது உண்டு; ஆனால் அதைத் தவிடு விலைக்கு வாங்கக் கூடாது.

அடுத்தது ஈரம். அம்மோனியம் சல்பேட், பொட்டாசியம் பாஸ்பேட், கொஞ்சம் யூரியா, மெக்னீசியம் சல்பேட் இவற்றைத் தண்ணீரில் கரைத்துத் தவிட்டில் பிசிற வேண்டும். கால்சியம் குளோரைடைத் தனி வாளியில் கரைத்துக் கடைசியில் ஊற்ற வேண்டும். பாஸ்பேட்டோடு சேர்த்துக் கரைத்தால் திரிந்து அடியில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், தவிட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஒரு கிலோ தவிட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். மொத்த எடையில் ஈரம் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆனால் மழைக்காலத் தவிடு ஏற்கெனவே நமுத்திருக்கும். சித்திரை வெயிலில் வருவது காய்ந்திருக்கும். தவிர, ஆட்டோகிளேவில் ஆவி தண்ணீராகித் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆகவே ஏட்டில் எழுதியிருக்கும் அளவை அப்படியே ஊற்றினால் ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் வராது. 105 டிகிரி அடுப்பில் காயவைத்து எடை பார்ப்பதுதான் முறை, அதை விடக் கூடாது. ஆனால் அதன் கணக்கு வருவதற்குள் தவிடு பிசிறியாக வேண்டும். அதற்கு ஐயாவின் கைப்பிடிதான் அளவு: புட்டுக்கு மாவு பிசிறுகிற பதம். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டு கசியக் கூடாது. எத்தனை பேர் பிசிறினாலும் கடைசிப் பிடி அவர்தான் பிடித்துப் பார்ப்பார். "கசிஞ்சா அது பூசணத்துக்கில்ல தம்பி, பாக்டீரியாவுக்கு வெச்ச விருந்து" என்பார்.

பாக்டீரியா எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பெரும்பாலும் பதில் ஆட்டோகிளேவில்தான் இருக்கும். கல்லூரியில் 15 பவுண்டு, 121 டிகிரி, 15 நிமிஷம் என்று படித்துவிட்டு வருகிறார்கள். அது ஃபிளாஸ்கில் இருக்கும் திரவத்துக்குச் சொன்னது. தவிடு சூட்டை உள்ளே விடாத சரக்கு; பையில் அடைத்துத் திணித்தால் வெளியே 121 இருக்கும்போது நடுவில் வெதுவெதுப்புதான் இருக்கும். தவிட்டோடு வயலிலிருந்தே வரும் பேசில்லஸ் ஸ்போர்களுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. பையைச் சப்பையாக அடுக்க வேண்டும், இடையில் ஆவி போக வழி வேண்டும், வால்வைத் திறந்து உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய் ஆவி சீராக வரும்வரை மூடக் கூடாது. அதன் பிறகு முழுசாக ஒரு மணி நேரம். அவசரப்பட்டு இறக்கிய பேட்ச் மறுநாள் காலையே தெரிந்துவிடும். தட்டு அறைக் கதவைத் திறந்ததும் அம்மோனியா நெடி. தவிட்டைக் கிள்ளினால் பிசுபிசுவென்று நூல் இழுக்கும். அதைக் காப்பாற்ற வழி கிடையாது. திரும்ப ஆவியில் வேகவைத்துக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தாய்க் கல்ச்சர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் வளர்ப்பது டிரைக்கோடெர்மா ரீசை. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணி மட்கிக்கொண்டே போனதாம். ஏன் என்று தேடியபோது அகப்பட்ட பூஞ்சை இது. நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் இதைக் கட்டி ஆண்ட எல்வின் ரீஸ் பெயரை 1977இல் இதற்கு வைத்தார்கள். கூடாரத்தைத் தின்ற அதே பூஞ்சையின் சந்ததிதான் இன்று பனியனுக்குப் பிசிறு எடுக்கிறது. புனேயில் என்சிஐஎம், சண்டிகரில் எம்டிசிசி என்று அரசு சேமிப்பகங்கள் இருக்கின்றன. பணம் கட்டி, எண் சொல்லிக் கேட்டால் உறைந்துலர்ந்த ஆம்பூலில் அனுப்புவார்கள். அந்த ஆம்பூலை உடைக்கும் அன்றே கிளிசரால் போட்டுப் பல குப்பிகளாக்கி ஆழ்குளிரில் போட்டுவிட வேண்டும். உருளைக்கிழங்கு அகாரைச் சாய்வாக உறையவைத்த குழாய், அதாவது ஸ்லாண்ட், அன்றாடப் பிழைப்புக்கு மட்டும். ஸ்லாண்டிலிருந்து ஸ்லாண்ட், அதிலிருந்து இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே போனால் பூசணம் பழைய வேலையை மறந்துவிடும். நல்ல பச்சையாக ஸ்போர் கட்டியது ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடும். பார்க்க நன்றாக இழை ஓடியிருக்கும், என்சைம் இருக்காது. வெள்ளைத் திட்டு கண்ட ஸ்லாண்டை ஐயா இரக்கமில்லாமல் தூக்கிப் போடுவார். ஸ்லாண்ட் என்ன விலை வரும்? அதை நம்பி விதைத்த அறை முழுத் தட்டும் போனால் என்ன விலை வரும்?

ஸ்போரைக் கழுவி எடுக்கத் தண்ணீர் மட்டும் போதாது, ஒட்டாது. ட்வீன் 80 சொட்டு விட்ட தண்ணீர் வேண்டும். ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணி, ஒரு கிராம் தவிட்டுக்கு ஒரு கோடி ஸ்போர் வரும்படி கலக்க வேண்டும். குறைந்தால் பூசணம் பரவுவதற்குள் வேறு ஏதாவது குடியேறிவிடும். அதிகமானால் எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்து ஒரே நேரத்தில் சூடேறும்.

சூடு என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய எதிரி. தட்டில் தவிட்டை இரண்டு விரற்கடைக்கு மேல் பரப்பக் கூடாது. அறை 28 முதல் 30 டிகிரி. காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்கு மேல். முதல் அரை நாள் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். அப்புறம்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அறைச் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 29 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தட்டின் நடுவில் 40 தாண்டிவிடும். டிரைக்கோடெர்மாவுக்கு அது தாங்காது. சுவர்த் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனவன் காலையில் வந்தால், தட்டின் ஓரத்தில் வெள்ளையாகவும் நடுவில் பழுப்பாக வெந்தும் கிடக்கும். அதனால் இரண்டாம் நாள் ராத்திரி ஒருவர் முழித்தே ஆக வேண்டும். கையைக் கழுவி, ஸ்பிரிட் துடைத்து, கையுறை போட்டு, விரலைத் தவிட்டுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். விரலில் சூடு உறைத்தால் தட்டு இடைவெளியைக் கூட்டி, ஈரக் காற்றை வேகப்படுத்த வேண்டும். உலர் காற்றை அடித்தால் சூடு இறங்கும்தான், ஆனால் தவிடும் காய்ந்துபோகும், பூசணம் அங்கேயே நின்றுவிடும். கிளறிவிட்டால் சூடு போகும் என்று சிலர் சொல்வார்கள். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் போன்ற பூசணம் ஒரு கிளறலைப் பொறுத்துக்கொள்ளும். டிரைக்கோடெர்மாவின் இழை அறுந்தால் திரும்பக் கட்டுவதற்குள் இரண்டு நாள் போய்விடும்.

விளக்கு விஷயத்தில் புதியவர்கள் அலட்சியமாக இருப்பார்கள். டிரைக்கோடெர்மா வெளிச்சம் பட்டால் ஸ்போர் கட்ட ஆரம்பிக்கும். ஸ்போர் கட்டும் வேலையில் இறங்கினால் என்சைம் வேலை குறையும். பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு வர வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் தூள் தூளாக ஒன்று தெரிந்தால் மட்டும் விளக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது நியூரோஸ்போரா என்ற வேண்டாத பூசணம், ஒரே இரவில் அறை முழுக்கப் பரவும். அந்தத் தட்டை ஊதாமல், அசைக்காமல், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மூடி நேராக ஆட்டோகிளேவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு முறை புதிதாக வந்த பையன் ஒருவன், வளர்ச்சி மெதுவாக இருக்கிறதே என்று ஆதங்கப்பட்டு, பிசிறும் தண்ணீரில் கொஞ்சம் வெல்லப்பாகு சேர்த்துவிட்டான். தட்டுகள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. அறைக்கு வந்தவர்களெல்லாம் மெச்சிவிட்டுப் போனார்கள். வடித்து அளந்து பார்த்தால் வழக்கமான தட்டில் கிடைப்பதில் சொற்பம்கூட இல்லை. பையன் கண் கலங்கிவிட்டான். ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த பேட்ச்சில் ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் வெல்லம் போட்டு, மற்றதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் அவனையே அளக்கச் சொன்னார். பூசணம் செழித்திருப்பதையும் என்சைம் கிடைப்பதையும் அதன் பிறகு அவன் குழப்பிக்கொண்டது கிடையாது. இன்று வேறொரு ஊரில் தட்டு அறையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறான்.

எப்போது அறுப்பது? ஐந்திலிருந்து ஏழு நாள் என்று ஏடு சொல்லும். தவிட்டில் மஞ்சள் ஓடும், மேலே இளம்பச்சை தொடும். அன்றாடம் ஒரு ஓரத்திலிருந்து பத்து கிராம் எடுத்து அளந்து, நேற்றைவிட இன்று ஏறவில்லை என்றால் உடனே இறக்கிவிட வேண்டும். நாளைக்கும் கொஞ்சம் ஏறுமோ என்று ஆசைப்பட்டு விட்டால், தீனி தீர்ந்த பூசணம் புரோட்டியேஸை விடும். அது நம் செல்லுலேஸை அரித்துத் தின்னும். தட்டு முழுக்கக் கரும்பச்சையான பிறகு வடித்தால் ஸ்போரை வடிகட்டி மாளாது. வெள்ளைத் துணிக்குப் போகும் சரக்கில் பச்சைத் தூசி இருந்தால் திருப்பூரில் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வடிப்பதில் பெரிய ரகசியம் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகப் பிழிய வேண்டும். கடைசிச் சொட்டுவரை எடுத்துவிட வேண்டும் என்று முறுக்கிப் பிழிந்தால் கொழகொழவென்று சேறும் சேர்ந்து வந்து ஃபில்டர் துணியை அடைத்துவிடும். அதற்குப் பதில், பிழிந்த தவிட்டை இரண்டாம் முறை ஊறவைத்து, அந்த நீர்த்த தண்ணீரில் அடுத்த புதுத் தவிட்டை ஊறப்போட்டால் தண்ணீரும் மிச்சம், சரக்கும் திடம். நுரை வரும்படி கலக்காதீர்கள்; நுரையில் என்சைம் செத்துப்போகும். ஹைஃப்ளோ என்ற வடிகட்டித் தூள் போட்டு வடிகட்டி, மெம்பிரேனில் சுண்டவைத்து, சார்பிட்டாலும் உப்பும் கொஞ்சம் சோடியம் பென்சோயேட்டும் சேர்த்தால் கேனில் நிற்கும்.

அளப்பதில்தான் படித்தவர்களும் கோட்டை விடுகிறார்கள். 1987இல் டெல்லி ஐஐடியின் கோஷ் எழுதிவைத்த ஃபில்டர் பேப்பர் முறை இன்றும் எங்கள் முறை. ஒரு செ.மீ.க்கு ஆறு செ.மீ. அளவில் வாட்மேன் 1 பேப்பர் துண்டு, 50 மில்லிகிராம். பிஹெச் 4.8 சிட்ரேட் பஃபரில் என்சைமோடு 50 டிகிரியில் 60 நிமிஷம். பிறகு சர்க்கரையைக் காட்டும் டிஎன்எஸ் கரைசலை ஊற்றி ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டால் சர்க்கரைக்குத் தக்கபடி மஞ்சள் செம்பழுப்பாகும். அதை 540 நானோமீட்டரில் படிக்கிறோம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தவிட்டிலிருந்து வடித்த சாற்றில் தவிட்டின் சர்க்கரையும் இருக்கும். பேப்பர் போடாத குழாய் ஒன்றைப் பிளாங்க்காகப் பக்கத்தில் வைத்து அதைக் கழிக்காவிட்டால், தவிட்டுச் சர்க்கரையெல்லாம் என்சைமாகக் கணக்கில் ஏறிவிடும். யூனிட் திடீரென்று எகிறினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் பிளாங்க்கைப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் சரக்கு வேலை செய்யவில்லை என்று புகார் வரும். திருப்பூரில் ஒரு பட்டறையிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டார்கள். "அண்ணா, உங்க என்சைம் செத்துப்போச்சுங்க, பிசிறு அப்படியே நிக்குது" என்றார் டையிங் மாஸ்டர். ஐயா மறுத்து ஒன்றும் பேசவில்லை. கிளம்பினார், நானும் போனேன். சாஃப்ட் ஃப்ளோ மெஷினிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் பிடித்து, தன் பையிலிருந்து பிஹெச் பேப்பரை எடுத்து நனைத்தார். ஏழுக்கு மேல் காட்டியது. எங்கள் சரக்குக்கு 4.5லிருந்து 5.5 வேண்டும். அசிட்டிக் ஆசிட் ஊற்றியிருந்தார்கள்தான், ஆனால் ப்ளீச் செய்த காரம் துணியில் மிச்சம் இருந்து அதைத் தின்றுவிட்டது. பெராக்சைடும் போகவில்லை. துணியை அலசி, ஆசிட் போட்டு, 55 டிகிரியில் 45 நிமிஷம் ஓட்டினார்கள். பிசிறு போனது. கிளம்பும்போது ஐயா மாஸ்டரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "முடிஞ்சதும் 80 டிகிரிக்கு ஏத்திக் கொன்னுடுங்க. உசுரோட விட்டா ஈரத் துணியில அது பாட்டுக்குத் தின்னுட்டே இருக்கும்." பயோ வாஷில் எடை 3 முதல் 5 சதவீதம் குறைவது வழக்கம். அதைத் தாண்டினால் பிசிறோடு துணியும் போகிறது என்று பொருள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். தட்டைக் காலிசெய்யும்போது எந்த அவசரமாக இருந்தாலும் மாஸ்க் இல்லாமல் இறங்காதீர்கள். துணி மாஸ்க் உதவாது, என்95 வேண்டும். தவிட்டின் மேல் முதலில் தண்ணீர் தெளித்து ஸ்போரை அடக்கிவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. ஐயா காலத்தில் யாரும் மூக்கைக் கட்டவில்லை. கடைசி வருஷங்களில் இருமாமல் அவரால் ஒரு வாக்கியம் முடிக்க முடியவில்லை.

இரண்டாவது, சந்தையில் லட்சம் யூனிட், பத்து லட்சம் யூனிட் என்று எழுதி விற்கிறார்கள். ஒரே சாற்றை ஃபில்டர் பேப்பரில் அளந்தால் ஒரு எண் வரும், சிஎம்சி என்ற கரையும் செல்லுலோஸில் அளந்தால் அதைவிடப் பல மடங்கு வரும். எந்தப் பொருளின் மேல், எந்த பிஹெச்சில், எத்தனை டிகிரியில் அளந்தது என்று எழுதாத கேனை வாங்காதீர்கள். நாளைக்கு நீங்களே தட்டு அறை போட்டால், அவற்றை எழுதாமல் ஒரு கேனையும் வெளியே அனுப்பாதீர்கள்.